என் அட்டை

முதல் வியாழன் நாற்பது பொட்டலம்.
லெமன் சாதம், ஊறுகாய்,
வாழையிலைக்கு மேல் மடித்த ஒரு துண்டுப் பிரசுரம்.
ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தின்
கீழ்த்தட்டுக்கும் கீழே
தூண் தூணாய்ப் போனோம்.
"ஸ்தோத்திரம், சாப்பிடுங்க" என்று
ஜெபசிங் நீட்ட நீட்ட
நான் நோட்டில் கோடு போட்டேன்,
நாலு கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு.
நீண்டு வந்த கைகள் நினைவிருக்கின்றன.
முகம் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் வியாழன்
ஏழாவது தூணில் இருந்தவர்
ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.
"யாரு தாளிச்சது?"
நான்தான்.
"கடுகு வெடிக்கும் முன்ன பருப்பப் போட்டுட்டிய.
கருகிக் கெடக்கு பாருங்க."

சுருக்கென்றது.
சும்மா கொடுக்கிறோம், இதில் குறை வேறா.
இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.
சொல்லாததும் கேட்கும் காது ஒன்று உண்டென்று
ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தவள்,
பாலத்துக்குக் கீழே
தலையைக் குனிந்துகொண்டேன்.

பெயர் ஆவுடையப்பன்.
அதைக் கேட்க எனக்கு ஐந்து வியாழன் பிடித்தது.
டவுணில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர்.
மறுவீட்டுச் சொதிக்கு
ஒற்றை ஆளாய் நூறு தேங்காய்க்குப் பால் பிழிந்தவர்.
அப்புறம் என்ன ஆச்சு என்றேன்.
"அது கெடக்கு."
இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.

ஜெபம் பண்ணட்டுமா என்றேன் ஒருநாள்.
"பண்ணுங்க. அடுத்த தூண்ல மாடத்தி இருக்காள்லா,
அவ காலுக்கும் சேத்து."
கண் மூடி, நீளமாக, அழகாக ஜெபித்தேன்.
கண் திறந்தால்
மாடத்தியின் காலில் ஈ.
ஆமென் சொன்ன வாயோடு
ஐகிரவுண்டுக்கு ஆட்டோ பிடித்தோம்.
அவர் முன்சீட்டில்
டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார்,
டிரைவருக்குத் தெரிந்த வழிதான்.

பாளையங்கோட்டையில் ஒரு காப்பகத்தில் இடம் வாங்கினேன்.
கட்டில், போர்வை, எவர்சில்வர் தட்டு.
நாலாம் நாள் திரும்பிவிட்டார்.
"எட்டு மணிக்கு லைட்ட அணைச்சிருதாவ.
அடுப்படிப் பக்கமே விட மாட்டேங்காவ."
நன்றி கெட்ட மனுஷன் என்று
ஐயரிடம் போய்ப் பொருமினேன்.
ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார்,
மறுபடியும் கழற்றித் துடைத்தார்.
இரண்டு வியாழன் நான் போகவில்லை.

பிரதிஷ்டைப் பண்டிகை வந்தது.
அசனத்துக்கு வாங்க என்று கூப்பிடப் போனேன்.
"பந்தியிலயா, பொட்டலமா?"
எனக்கு உடனே பதில் வரவில்லை,
வந்திருக்க வேண்டும்.
"பந்தியில."

முந்தின இரவே வந்துவிட்டார்.
யாரும் கேட்காமலே கத்தரிக்காய் நறுக்கினார்.
உப்புக்காகத் தவசுப்பிள்ளையோடு சண்டை போட்டார்.
மறுநாள் பந்தியில் அவர் உட்கார்ந்ததும்
பக்கத்தில் இருந்த சேகரப் பொருளாளர்
தன் இலையை ஒரு விரற்கடை நகர்த்தினார்.
அந்த விரற்கடையை எனக்குத் தெரியும்.
முதல் வியாழன்
நோட்டைப் பிடித்திருந்ததே அந்தத் தூரத்தில்தான்.

கறி வாளி வந்தபோது
ஆவுடையப்பன் இலைக்குக் குறுக்கே கை வைத்தார்.
"நான் சைவம்லா."
ஐந்து மாதப் பழக்கம்.
எனக்கு அது தெரியாது.
ரசமும் கத்தரிக்காயும் வைத்துச் சாப்பிட்டார்.
உப்பு சரியாக இருந்தது.

இப்போது நோட்டும் பொட்டலமும் ஜெபசிங் பொறுப்பு.
நான் வெறுங்கையோடு போகிறேன்.
மாடத்தி பல்லாங்குழிக்குப்
புளியங்கொட்டை சேர்த்து வைத்திருக்கிறாள்,
நியாயமாக ஆடுகிறவள் இல்லை.
ஏழாவது தூணடியில்
டிவி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து
எனக்கென்று போட்டிருக்கிறார் ஆவுடையப்பன்.
பறக்காமலிருக்க மேலே ஓர் ஆற்றுக்கல்.
மற்ற நாளில் அதில் யாரையும் உட்கார விடுவதில்லையாம்.
எனக்கு மகாராஜநகரில் மூன்று அறை வீடு இருப்பது
அவருக்குத் தெரியும்.

நேற்று நல்ல மழை.
பாலத்து விரிசலில் ஒழுகியிருந்தது.
அவர் பாய் நனைந்து
தூணில் சாய்ந்து நின்றது.
என் அட்டை காய்ந்திருந்தது.