இரண்டு சுழி, மூன்று சுழி

இடப்பக்கம் ஒரு பட்டியல்,
வலப்பக்கம் ஒரு பட்டியல்.
எந்தத் தேடுபொறி எதைத் தந்தது என்று
எனக்குச் சொல்லமாட்டார்கள்.
மிக மேல், சற்று மேல், ஏறக்குறைய ஒன்றே.
இப்படி ஏழு கட்டங்கள், ஒன்றைத் தொடவேண்டும்.
ஒரு கேள்விக்கு நாலு நிமிடம்.
நிமிடத்துக்குத்தான் காசு,
ஐமிச்சத்துக்கு இல்லை.

இரவு பதினொன்றிலிருந்து
மோர்னிங்சைட் பக்கத்து பேஸ்மென்ட்டில்
ஹீட்டர் இருமுவதைக் கேட்டபடி
முகம் தெரியாதவர்களின் தமிழை
நிறுத்துக்கொண்டிருக்கிறேன்.

"முருங்கையிலை எந்தக் கடை"
இடத்தில் எண்பது டொலர் மாத்திரைப் போத்தல்.
வலத்தில் மார்க்கம் வீதிக் கடை, மூடும் நேரத்தோடு.
வலம், மிக மேல்.

"மாமி விசா எத்தனை மாதம்"
இரண்டு பக்கமும் அதே சட்டத்தரணி
அதே பல்லோடு சிரிக்கிறார்.
ஏறக்குறைய ஒன்றே.

"நித்திரை வர"
அவ்வளவுதான் எழுதியிருக்கிறார் ஒருவர்.
இடத்தில் கட்டில் விற்கிறார்கள்,
வலத்தில் மெத்தை.
இதற்கும் ஒரு கட்டம் இருந்தது. தொட்டேன்.

பிறகு இது வந்தது.
"ஸ்காபரோ பணி எப்ப நிக்கும்"
கைபேசி, அதிகாலை நாலு பத்து.
அதற்குமேல் ஒன்றும் தரமாட்டார்கள்.

இடப்பக்கத்தான்
மூன்று சுழியில் ஒன்றைத் தானே அழித்து
பனி என்று வாசித்து,
வியாழன் பின்னேரம்வரை பதினெட்டு சென்ரிமீற்றர்,
உப்பு லொறி போகும் தெருக்கள்,
பள்ளிக்கூட பஸ் ஓடாது, என்கிறான்.

வலப்பக்கத்தான்
எழுதியதை எழுதியபடியே நம்பி,
பணிநீக்க அறிவித்தல் எத்தனை கிழமை முன்,
காப்புறுதிக்கு எந்தப் படிவம்,
ஆட்குறைப்பில் யார் முதலில், என்கிறான்.

வழிகாட்டி நூற்று அறுபது பக்கம்.
கேட்டவர் மனதில் இருந்ததைக் கொண்டு அளவிடு, என்கிறது
பன்னிரண்டாம் பக்கம்.

மனதில் இருந்தது.
நாலு பத்துக்கு எழும்பியவர்
யன்னலைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்.
கார்க் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே
கையுறையோடு தட்டியிருக்கலாம்.
விசைப்பலகையில் இரண்டு எழுத்தும் அயலட்டைதானே.
அதோடு, எங்கள் சனத்தில்
வேலையை யார் பணி என்கிறார்கள்?
"வேலை எப்ப நிக்கும்" என்றல்லவா எழுதவேண்டும்.
ஆகவே பனி.
இடம், மிக மேல்.

விரலைக் கொண்டுபோய் எடுத்துவிட்டேன்.

அத்தான் நகுலேந்திரத்தின் பிஸ்கட் தொழிற்சாலையில்
சாப்பாட்டறைச் சுவரில்
தொழிற்சங்கம் தமிழில் ஒட்டிய தாள் ஒன்று.
படம் எடுத்து வந்து மேசையில் காட்டினார்.
அதில் வேலை என்ற சொல்லே இல்லை.
பணி, பணிமூப்பு, பணிநிறைவு.
படித்துப் படித்து
அந்தச் சொல் அவர் வாயிலும் ஏறிவிட்டது.
பிழைவிடுகிற ஆளும் அல்ல அவர்,
கடைச் சிட்டையில்கூட ஒற்று பார்ப்பார்.

மூன்று நிமிடம் பத்து.

இடம், சற்று மேல், என்று தொட்டேன்.
காரணம் எழுதும் பெட்டி திறந்தது.
ஆங்கிலம் மட்டும்தான் ஏற்குமாம்.
ஒரு சுழிக்குள் இருந்த இரண்டு வானிலையை
அந்தப் பாஷையில் எப்படி வைப்பது?
அங்கே அந்த இரண்டு சொல்லும்
ஒன்றையொன்று கண்டதே இல்லை.
எழுத்துப்பிழை, என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

உண்மையில் யாராவது இருக்கலாம்.
இந்த நகரத்தில் நாலு பத்துக்கு
எத்தனை தமிழர் எழும்புகிறார்கள்,
கேள்வி வந்து சேரவே மாதக்கணக்காகும்,
போன மாரியாகவும் இருக்கலாம்.

மேலே சப்பாத்துச் சத்தம்.
குசினி யன்னலடியில் கொஞ்சம் நின்று
பிறகு கதவு.
என் தலைக்கு மேல் அரை யன்னலில்
மண்வாரி சுரண்டத் தொடங்கியது.
"என்ன, இந்த நேரத்தில்?" என்று கேட்டால்
"பனி" என்பார்.
வாயால் சொல்லும்போது
எத்தனை சுழி என்று யாருக்குக் கேட்கும்.

சுரண்டல் நிற்கட்டும் என்று இருந்தேன்.
திரையில் அடுத்த கேள்வி,
அதில் இரண்டு நிமிடம் ஏற்கெனவே போயிருந்தது.