ஏழாம் கட்டம்

பச்சை டிக் விழுந்துவிட்டது.
கணக்கு முடிந்தது என்கிறது மென்பொருள்.
ஆறாம் கட்டம் இருக்கிறது, எட்டாம் கட்டம் இருக்கிறது,
நடுவே ஏழாம் கட்டத்துக்கான கட்டத்தில் மட்டும்
ஒரு சின்னக் கோடு.
பூஜ்யம்கூட இல்லை. பூஜ்யம் என்றால்
அதனோடு சண்டையாவது போடலாம்.

சிவ்ரியில், பஞ்சுக் கிடங்கை இடித்த இடத்தில்
பதினான்கு மீட்டர் சுவர் ஏற்கெனவே மண்ணுக்குள் நிற்கிறது.
அதன் முதுகுக்குப் பின்னால் கடல் களிமண்,
அழுத்திய விரலை
நெடுநேரம் ஞாபகம் வைத்திருக்கும் களிமண்.
வியாழக்கிழமை ஒன்பதரை வரை தோண்டப்போகிறார்கள்.
அன்று சுவர் எங்கே வளையும், எவ்வளவு வலிக்கும்
என்பதுதான் ஏழாம் கட்டம்.

மறுபடி ஓட்டினேன்.
வலையை நுணுக்கி ஓட்டினேன்.
பெயர் மாற்றிச் சேமித்து, அணைத்துப் போட்டு,
தேங்காய் உடைக்காத குறையாக ஓட்டினேன்.
நாற்பது நிமிடம். பச்சை டிக். சின்னக் கோடு.

கட்டிங் சாயோடு வந்த காவலாளி ராம்சகல்
என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:
என்ன காணோம்?
ஒரு எண்.
எவ்வளவு?
அதுதான் தெரியவில்லை.

"ஆறையும் எட்டையும் கூட்டி
இரண்டால் வகுத்துப் போடு, வல்லி" என்றார் கானேகர்.
கெட்டவர் இல்லை. பன்வெல் போக வேண்டியவர்,
பையைத் தோளில் மாட்டிவிட்டவர்.
ஆனால் எட்டில் மூன்றாவது முட்டு வந்துவிடுகிறது.
முட்டுக் கொடுத்த பின் மிஞ்சிய வலியையும்
அதற்கு முந்தைய பள்ளத்தின் வலியையும்
கூட்டி வகுத்தால்
யாருடைய வலி வரும்?

பிளாட்பாரத்தில் நின்றேன். மழை தகரத்தில் கொட்டியது.
ரயில் வந்தது. வாசல் கம்பியைப் பிடித்து
ஒருவன் வெளியே வில்லாய்த் தொங்கினான்.
உள்ளே எத்தனை பேர் என்று தெரியவில்லை.
தெரியவும் வேண்டாம்,
அத்தனை பேரும் அவன் முதுகில் இருந்தார்கள்.

நான் ஏறவில்லை.

நகர்வு இருந்தது.
ஏழாம் கட்டத்தில் சுவர் எவ்வளவு நகர்ந்தது என்பதை
மென்பொருள் மறைக்கவே இல்லை,
கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.
அரை மீட்டருக்கு ஒன்றாக இருபத்தொன்பது எண்கள்.
அடுத்தடுத்ததைக் கழித்து,
கழித்ததை மறுபடி கழித்து,
அரையின் வர்க்கத்தால் வகுத்து,
சுவரின் விறைப்பால் பெருக்கினால்
நகர்ந்தது, தாங்கியதைச் சொல்லிவிடும்.

முதலில் ஆறில் சோதித்தேன், விடை தெரிந்த கணக்கில்.
நூற்றுக்கு மூன்று பிசகியது. பரவாயில்லை.
அப்புறம் ஏழு.
எட்டு மீட்டர் ஆழத்தில் நானூற்றுப் பன்னிரண்டு.
அந்த இடத்துக் கம்பி தாங்குவது
முந்நூற்று எண்பது.
வகுத்துப் போட்டிருந்தால் முந்நூற்று ஐந்து வந்திருக்கும்,
எல்லோரும் தூங்கியிருப்போம்.

ஃபோனில் கானேகர் மராட்டியில் ஒரு வார்த்தை சொன்னார்,
என்னை அல்ல, வியாழக்கிழமையை.
பிறகு, எட்டரையோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றார்,
முட்டு வைத்துவிட்டு மிச்சத்தைத் தோண்டட்டும்.
பின்னால் அவர் வண்டி தடதடத்தது.
"வரைபடத்தில் மட்டும் எல்லாக் கோடும் ஒரே நிறத்தில் இருக்கட்டும்.
கேள்வி வரும்."

ஒரே நிறம்தான் போட்டேன்.
ஏழாவதை மட்டும் விட்டு விட்டு வரைந்தேன்,
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே
எனக்குத் தெரியாதது நின்றுகொள்ள
கொஞ்சம் இடம்.

அட்டவணையில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
நிரப்பவில்லை.
அடியில் சின்ன எழுத்தில்:
பக்கம் நாற்பத்தொன்று பார்க்க.
கேள்வி வரட்டும்.