உள்ளேன்

இரவு பதினொன்றரை.
காற்று திரும்பி, சிப்காட்டின் அழுகிய முட்டை வாடை
முதுநகரில் கொசுவலைக்குள்ளும் வந்துவிட்டது.
கைப்பேசியில் மிச்சம் இருநூறு எம்பி.
நாளை மூன்றாம் பாடவேளை, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு.
பாடநூல் அந்தச் சாவுகளையெல்லாம்
ஒரே பத்தியில் அடக்கம் செய்திருக்கிறது.
ஆகவே தேடினேன்.

எங்கோ ஒரு நாட்டின் அருங்காட்சியகம்
ஆசிரியர்களுக்கென்று எழுதி வைத்திருக்கிறது:
பிணங்களின் படத்தோடு தொடங்காதீர்கள்.
கைதியாக நடித்துக் காட்டச் சொல்லாதீர்கள்.
எண்ணைச் சொன்னால், கூடவே ஒரு பெயரையும் சொல்லுங்கள்.
மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கம்
தமிழில் எழுதிக்கொண்டே வந்தவள்
'பெர்சிக்யூஷன்' என்ற இடத்தில் நின்றேன்.
துன்புறுத்தல் என்று எழுதி அடித்தேன்,
அது மாமியார் வீட்டில் நடப்பது.
ஒடுக்குமுறை, அது சுவரொட்டியில் இருப்பது.
வீடு மாறினாலும் விடாமல், தெரு தெருவாய் விரட்டி,
பெயர் சொல்லிக் கூப்பிட்டு வதைப்பதற்கு
ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை.
இடம் விட்டு வைத்தேன்.

வகுப்பின் திரையில் அந்தப் பட்டியல் வந்தது.
தட்டச்சில் அடித்த பழைய தாள். ஊர், தெரு, வயது.
தொழில்: தையல்காரர்.
தொழில்: பள்ளி மாணவி.
ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஒரு சின்ன டிக்.

சோனங்குப்பத்துக் கவியரசு எழுந்தான்.
"பட்டியல்ல பேர் இருந்தா நல்லதுதானே டீச்சர்?
சுனாமிக்கு எங்கப்பா பேர் விட்டுப்போச்சாம்,
வீடே கிடைக்கல."
யாரும் சிரிக்கவில்லை.
கடலூரில் பட்டியல் என்றால் அதுதான்:
புயல் நிவாரணம், தடைக்காலப் பணம், பொங்கல் பை.
பெயர் இருந்தால் வாங்கலாம்,
இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கலாம்.

என் மேசையில் வருகைப் பதிவேடு திறந்து கிடந்தது.
பெயருக்குப் பக்கத்தில் வகுப்புப் பிரிவு,
சில பெயர்களுக்குச் சிவப்பு மை.
ஒருகாலத்தில் என் பெயரும் அதே சிவப்பில் இருந்தது.
உதவித்தொகை வந்ததும், விடுதியில் கட்டில் கிடைத்ததும்,
இந்த நாற்காலியும் அந்த மையால்.
ஏழாம் வகுப்பில் ஒருத்தி அதை எட்டிப் பார்த்துவிட்டு
என் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்ததும்
அந்த மையால்.
இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது?
அருங்காட்சியகத்துக் குறிப்பில் அதற்கு வழி இல்லை.
தொண்டையைச் செருமினேன். சாக்பீஸைத் தேடினேன்.

அப்போதுதான் மூன்றாம் பெஞ்சில் நிரோஜினி,
குறிஞ்சிப்பாடி முகாமிலிருந்து பஸ்ஸில் வருபவள்,
ஜூனில் சேர்ந்ததிலிருந்து வாய் திறக்காதவள், எழுந்தாள்.
"பெரிய மாமாவின்ர பெயரையும் வாசிச்சவையாம்.
அம்மா சொல்லுவா.
கையைத் தூக்கச் சொன்னவையாம்.
அவர் தூக்கினவராம்."
உட்கார்ந்துவிட்டாள்.

"அப்புறம்?" என்றான் கவியரசு.

மின்விசிறி ஓடியது.
நெட் போய்விட்டிருந்தது; திரையில் ஒரு வட்டம்
சுற்றிக்கொண்டே இருந்தது, அந்தத் தையல்காரரின் மேல்.

மறுநாள் காலை வரிசை எண்ணை விட்டுவிட்டுப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நேரம் பிடித்தது.
உள்ளேன் டீச்சர். உள்ளேன் டீச்சர்.
கவியரசு கையைப் பாதி தூக்கி
என்ன நினைத்தானோ, இறக்கிக்கொண்டான்.

நிரோஜினி.
நிரோஜினி?

"இன்னைக்கு முகாம்ல கணக்கெடுப்பு டீச்சர்.
எல்லாரும் வந்து நிக்கணுமாம்."

வரவில்லை என்று போடப் பேனாவைத் திறந்தேன்.
விருத்தாசலம் ரயில் போகும் திசையில்,
வெயிலில், வரிசையில்,
யாரோ ஒருவர் வாசிக்க வாசிக்க
இந்நேரம் அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்,
உள்ளேன் என்று.

மை காய்ந்துகொண்டிருந்தது.
கட்டம் இன்னும் காலி.