கூம்பு

கபெம்ப்வா லாரியை அணைக்கமாட்டான்.
ஓடவிட்டே விலை பேசுவான்.
எங்கள் குவியலைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்துவிட்டு
"ஆறு டிரம்" என்பான்.
ஆறு டிரம்முக்கு அம்மா கை நீட்டுவாள்.
ஐந்து வருடமாக இதுதான் கணக்கு.

லுசாக்காவின் விளிம்பில்
பெரிய கல்லைச் சின்னக் கல்லாக்குவது எங்கள் தொழில்.
என் இடது கட்டைவிரல் நகம்
இரண்டுமுறை விழுந்தது, இரண்டுமுறை முளைத்தது.
மூன்றாம்முறை முளைக்கவில்லை.

ஒருவருக்குத்தான் பள்ளிக் கட்டணம் என்று ஆனபோது
அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை.
வீட்டில் கறுப்பு ஷூ ஒரு ஜோடி இருந்தது.
என் கால் அதற்குள் நுழையவில்லை.
நடந்தது அவ்வளவுதான்.
தியாகம் என்று யாராவது சொன்னால்
எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஒரு வியாழக்கிழமை நசிலேலே
சீருடையைக்கூட மாற்றாமல்
முடிச்சிட்ட சணல் கயிற்றோடு வந்தாள்.
குவியலின் உச்சியில் கம்பியைச் செருகினாள்.
"என்ன அளக்கிறாய், சவக்குழியா?"
"கூம்பு."
குறுக்கே இரண்டே முக்கால் மீட்டர்,
உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர்.
மண்ணில் குச்சியால் எழுதி, அழித்து, எழுதி,
மூன்றால் வகுத்து,
"கிட்டத்தட்ட ஒன்பது டிரம்" என்றாள்.

அம்மா சுத்தியலைக் கீழே வைத்தாள்.
உதடுகள் மட்டும் அசைந்தன,
ஐந்து வருடத்தையும் மூன்று மூன்றாக எண்ணுவதுபோல.

கபெம்ப்வா சிரித்தான்.
"அந்தக் குச்சிக்கே விற்றுக்கொள்" என்று
அடுத்த குவியலுக்கு வண்டியை நகர்த்தினான்.

வெள்ளி. சனி. ஞாயிறு.
சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ள உப்பு.
திங்களன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை.
என் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தாள்,
படுமோசமாக உடைத்தாள்.
கணக்குத் தப்பா என்று கேட்டேன்.
இல்லை என்றாள், அழுதுகொண்டே.

செவ்வாய் மாலை, அடுத்த குவியல்காரி
"என்னுடையதையும் அள" என்று வந்து நின்றாள்.
பிறகு அவளுக்கு அடுத்தவள்.
கயிறு கைமாறிக் கைமாறி நைந்துபோனது.

கபெம்ப்வா எட்டுக்குக் கொடுத்தான்.
எட்டு.
ஒன்பதாவது டிரம்மை அவன் லாரி
எங்கேயோ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

அன்றிரவு கேட்டேன்:
எதற்கு மூன்றால் வகுத்தாய், ஏன் இரண்டால் இல்லை?
அவளுக்குத் தெரியவில்லை.
"சார் சொல்லவில்லை. கேட்டு வருகிறேன்."

மறுநாள் சிமெண்டுப் பைத் தாளைக் கூம்பாகச் சுருட்டினேன்.
அதே வாயகலம், அதே உயரத்தில் ஒரு பால் டின்.
கல்தூளை நிரப்பி நிரப்பிக் கொட்டினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவதில் டின்னின் விளிம்பு தட்டியது.

அவள் பள்ளி விட்டு வரும்வரை
காற்றடிக்காமல்
கையால் மூடி வைத்திருந்தேன்.