கேட்டு

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டு போட்டால்
ஒரு பல்லவி எழுதிவிடலாம்.
என்ஜின் திசை மாற்றிக்கொள்ளும் நாளென்றால்
சரணமும்.

ஜெகபரின் ஸ்கூட்டர், பின்சீட்டில் நான்.
முன்னால் வைக்கோல் டிராக்டர்,
பின்னால் மன்னார்குடி பஸ்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல்தான் முனகுவான்,
உள்ளே நல்லா எதிரொலிக்குதாம்.
கேட்க வேண்டுமென்றால் நான்
கழுத்தை நீட்டிக் காதை அதன்மேல் வைக்க வேண்டும்.
என் வீட்டுக்காரருக்குத் தெரியும்,
அவன் மனைவி ரமீஜாவுக்கும் தெரியும்,
பஸ்ஸில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.
பார்க்கட்டும்.

இந்தப் பாட்டுக்கு அவன் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று:
ஆற்றின் பெயர் வரக்கூடாது.
"வாய்க்கால்ல வராத வருஷமெல்லாம்
பாட்டுல கரைபுரண்டு ஓடியாச்சு, அரசி.
பாவம், விட்டுரு."
விட்டேன்.
நுரை, கெண்டை, கழனி, தாய்மடி
எல்லாவற்றையும்
நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பினேன்.

அடித்த வரிகள் அங்கேதான் குடியிருக்கின்றன.
"உன் மௌனத்துக்கு உப்புப் போட்டது யார்"
போன தையிலிருந்து அங்கே இருக்கிறது.
நான் எழுதியதில் அதுதான் உசத்தி.
அவன் கண்ணை மூடி இரண்டு முறை பாடினான்.
"நல்ல வரி. இந்தப் பாட்டுக்கு இல்ல."
மூன்று நாள் நான் பேசவில்லை.
நான்காம் நாள் வெறும் மெட்டு ஒன்று அனுப்பினான்,
சொல்லே இல்லாமல்.
அது மெட்டா மன்னிப்பா என்று
இன்றுவரை கேட்கவில்லை.

அந்த மெட்டில் ஒரு பள்ளம்.
தன்னா தந்தன்னா.
ஐந்தே அசை, ஐந்தும் நேர்.
பதினோரு நாளாக எதை நட்டாலும் அழுகியது.
"கண்ணே வந்தாயோ" என்றேன்.
காறித் துப்பாத குறை.
உரக்கடையில் நான்தான் பில் போடுகிறேன்.
டி.ஏ.பி. ரெண்டு மூட்டைக்குக் கீழே
தன்னா தந்தன்னா என்று எழுதியிருக்கிறேன் போல,
கோவில்வெண்ணிக்காரர் ஒருவர்
அதற்கும் சேர்த்துக் காசு எண்ணினார்.

அன்றைக்குக் கூட்ஸ் வண்டி.
நாற்பத்திரண்டு பெட்டியும் நெல்.
பாதியில் நின்றது, யோசித்தது, பின்னால் போனது.
ஜெகபரின் போன் அடித்தது.
ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டான்.
கேட்டு இறங்கியே கிடக்க,
முன்சக்கரம் ஓர் அங்குலம் நகராதிருக்க,
சொன்னான்:
"இந்தா, வந்துட்டேன்."

டிராக்டர்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.
பஸ் ஜன்னலில் ஒரு பெண்ணும்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் அத்தனை பேரும்
அந்தப் பக்கம் காத்திருந்த அத்தனை பேருக்கும்
ஒரே பொய்.

அவன் முதுகில் விரலால் தட்டினேன்.
இந். தா. வந். துட். டேன்.
அவன் திரும்பவில்லை,
ஹெல்மெட் மட்டும் மெல்ல ஆடியது.

ஆனியில் மதகடியில் நிற்பவர்களிடம்
மேற்கே திறந்துவிட்ட ஒன்று
வருஷா வருஷம் சொல்வதும் அதுதானே.
பெயரைச் சொல்லவில்லை.
சட்டம் சட்டம்தான்.

பாட்டு வெளியானது. படிவம் வந்தது.
வரிகள் யார், இசை யார்,
யாருக்கு எத்தனை விழுக்காடு.
வரி அவன் வாயிலிருந்து விழுந்தது.
ரயில் ஹாரனில் திடுக்கிட்டு நான் பாடும்போது
"தா" கொஞ்சம் வழுக்கி மேலே போனதை
அவன் அப்படியே வைத்துக்கொண்டான்.
டிராக்டர்காரரின் பெயர் எங்களுக்குத் தெரியாது.
ஐம்பது, ஐம்பது என்று போட்டோம்.
கூட்டினால் நூறு வருகிறது,
படிவத்துக்கு அது போதும்.

ரமீஜா பாட்டை முழுக்கக் கேட்டாளாம்.
கேட்டு முடித்து,
"அன்னைக்கு நீங்க வந்தப்ப
மீன் கொழம்பு ரெண்டாந்தடவ ஆறிக் கெடந்துச்சு"
என்றாளாம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.
நல்ல வரி.
இந்தப் பாட்டுக்கு இல்லை.