நாடா

தார்ப் பெட்டிக்குள்ள மூணு குட்டி.
ரெண்டைக் கவ்வித் தூக்கிட்டுப் போன தாய்
மூணாவதை வாசல்ல நின்னு கூப்பிட்டிருக்கும்.
பன்னெண்டு தறி ஓடுற எடத்துல
யாருக்குத்தான் கேக்கும்?
தறி நின்னாலும் இதுக்குக் கேக்காதுன்னு
அப்ப எங்களுக்குத் தெரியாது.

வெள்ளைன்னா அப்படியொரு வெள்ளை.
மேல பஞ்சுத் தூசி படிஞ்சா
எது தூசி எது பூனைன்னு
ஊதிப் பாத்துத்தான் சொல்லோணும்.
ஒரு கண்ணு மஞ்சத் தண்ணி,
இன்னொண்ணு சொட்டுநீலம் கூடிப்போன தண்ணி.
முன்னங்கால் ரெண்டுலயும் ஆறாறு வெரலு.
வாலு நுனி தொரட்டியாட்டம் மடங்கியிருக்கும்.
போற வழியில எதையாச்சும் மாட்டி
இழுத்துக்கிட்டே போகும்:
அறுந்த ஊடை நூலு, பன் கவரு,
ஒருக்கா பிகாஷோட இயர்போனு.
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
ஓடிட்டே இருக்கறதப் பாத்து
நாடான்னு பேரு வெச்சோம்.
கூப்பிடத்தான் முடியல.

பாவு பிணைக்க வந்த நாச்சிமுத்து
"கண்ணு ரெண்டு தினுசா இருந்தா ஊட்டுக்கு ஆகாதுங்க"ன்னாரு.
"இது ஊடு இல்லீங்களே, தறிக்குடோனு"ன்னேன்.
யோசிச்சாரு. பதிலு வரல.
போறப்ப தன்னோட டீயில பாதிய
டப்பா மூடியில ஊத்தி வெச்சுட்டுப் போனாரு.

மொதலாளிதான் கண்டுபுடிச்சது.
அதுக்குப் பின்னால நின்னு
இரும்புத் தட்டுல ஸ்பேனரால ஒரு போடு.
கேட்டுல கட்டியிருந்த நாய் குலைச்சுது.
இது தன் பாட்டுக்குக் கால நக்கிட்டிருந்துது,
வெரல எண்ணிச் சரிபாக்கறாப்புல.
"செவிட்டுப் பூனைய வெச்சு என்னத்தப் பண்ண?"
உங்ககிட்ட வேலை செய்யறவங்க
பாதிப் பேரு அப்படித்தானுங்களேன்னு
வாய் வரைக்கும் வந்துச்சு.

காது முகாம் போட்ட அன்னிக்கு
சத்தம் கேட்டாக் கையத் தூக்கச் சொன்னாங்க.
நர்சம்மா பட்டனைப் பாக்கறப்பெல்லாம் தூக்கினேன்.
பாஸ்.
சாமளாபுரம் பஸ்ஸுல நான் ஊருக்கதை பேசினா
கண்டக்டர் திரும்பிப் பாத்து
"அக்கா, யாரோட சண்டை?"ங்கறான்.

ஆனா நாடாவுக்குத் தரை சொல்லும்.
குதிகாலால ரெண்டு தட்டுத் தட்டினா
எங்கிருந்தாலும் வரும்.
நாலாந் தறிக்காலோட முதுக ஒட்டி வெச்சு
மல்லாந்து தூங்கும், நாலு காலும் ஆகாசத்துல.
ஒரு ராத்திரி திடீர்னு எந்திரிச்சு
ஏழாந் தறிய மொறைச்சுப் பாத்துது.
நல்லாத்தான ஓடுதுன்னு நெனைச்சேன்.
மூணு நிமிசம் போயிருக்காது,
போல்ட்டு தெறிச்சு நாடா பறந்து
(இது மர நாடா) சுவத்துல அடிச்சுது.
பிகாஷ் பூனையக் கையெடுத்துக் கும்பிட்டான்.
அது கொட்டாவி விட்டுது.

போன வெசாழக்கெழம, மணி மூணு இருக்கும்.
கரண்டு போச்சு.
பன்னெண்டு தறியும் ஒண்ணா மூச்ச விட்டுட்டு நின்னுது.
என் காதுக்குள்ள இருக்கற தறி மட்டும்
நிக்காம ஓடிட்டு இருந்துது.
ஆடிட்டிருந்த தொட்டில யாரோ நிறுத்துனாப்புல
நாடா திடுக்குன்னு முழிச்சுது.
செல்லு வெளிச்சத்துல ஒரு கண்ணு பச்சையா,
ஒரு கண்ணு செவப்பா.
வாயத் தொறந்துது.

அப்படியொரு கத்தல நான் கேட்டதில்ல.
உள்ளங்கை அகலத்துக்கு இருந்துட்டு
எருமைக்கன்னாட்டம்.
எவ்வளவு சத்தம் போடறம்னு அதுக்கு எப்படித் தெரியும்?
பிகாஷ் காதப் பொத்தினான்.
நான் பொத்தல.
ரெண்டு வருசமா மூடிக் கெடந்த வலது காதுல
அது கொஞ்சம் விழுந்துது.

தரையில ரெண்டு தட்டுத் தட்டினேன்.
மடியில ஏறி வந்து
என் நெஞ்செலும்புல நெத்திய முட்டிக்கிச்சு.
நான் வாய்க்குள்ள ம்ம்ம்முன்னு
தறியாட்டம் இழுத்துட்டிருந்தேன்,
கரண்டு வர வரைக்கும்.

அந்தப் பாவு நேத்து அறுத்து லாரி ஏறிருச்சு.
நூத்திப்பத்து மீட்டரு காடா.
அதுல எங்கியோ ஊடையோட ஊடையா
ஒரு வெள்ளை முடி போயிருக்கு.
நான் பாத்தேன். எடுக்கல.