மூடுவதற்கு முன்

ஹெப்சிபா ஆராதனைக்குப் போயிருந்தாள்.
இரண்டரை மணி நேரம் கிடைக்கும்,
ஞானஸ்நானம் இருந்தால் மூன்று.
சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டில்
மாடிப்படிக்குக் கீழே கோணியை விரித்து
ஸ்ப்ளெண்டரைத் திறந்தேன்.

மருந்துக்கடையில் நான் இப்படி இல்லை.
ஐம்பதா ஐந்நூறா என்று
டாக்டரின் கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
போன் போட்டுக் கேட்ட பிறகுதான்
அட்டையைக் கத்தரிப்பேன்.
வண்டியில் என்ன இருக்கிறது,
நாலு போல்ட், ஒரு டியூப், ஒரு கேபிள்.

கழற்றியதை எல்லாம்
ஒரே டிபன் மூடியில் போட்டேன்.
கார்புரேட்டர் இருந்த இடத்தில்
எஞ்சின் வாயைத் திறந்தபடி இருந்தது.
மண் விழுந்துவிடப் போகிறதே என்று
கொடியிலிருந்து கைக்கு வந்த துணியில்
ஒரு முழம் கிழித்து
தொண்டை வரை திணித்தேன்.
அன்று நான் செய்த ஒரே ஜாக்கிரதை
அது.

கரண்ட் போனது. மே மாதம்.
எதிரே இருந்த பாறை மலை
வாங்கிய வெயிலை எல்லாம் எங்கள் தெருவுக்கே திருப்பிக் கொடுத்தது.
வியர்வை கண்ணில் இறங்க இறங்க
கார்புரேட்டரை ஊதி, துடைத்து, மாட்டி, முறுக்கி
கிக்கரை மிதித்தேன்.
மிதித்தேன்.
நாற்பது வரைக்கும் எண்ணினேன்.
அதை மட்டும்தான் எண்ணினேன்.

பெட்ரோலைத் திட்டினேன், பங்க்காரனைத் திட்டினேன்.
புது பிளக் வாங்கி வந்து கோணலாக ஏற்றி
ஸ்பேனரின் மேல் காலை வைத்து இறுக்கினேன்.
அலுமினியம் நற என்றது.
காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வந்தாள்.
வேதாகமத்தைக்கூட உள்ளே வைக்காமல் கொடியைப் பார்த்தாள்.
"ஊதாப்பூ நைட்டி எங்க?"
"காத்துல போயிருக்கும்."
இலை அசையாத மத்தியானம்.

மறுநாள் காகிதப்பட்டறை வரைக்கும் தள்ளினேன்.
லாரிக்காரர்கள் வழிவிட்டார்கள், ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.
இம்தியாஸ் எதுவும் கேட்கவில்லை.
பிளக்கை எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
பிறகு கார்புரேட்டரைக் கழற்றி
மூக்குக் குறடை உள்ளே விட்டு இழுத்தான்.
வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
பெட்ரோலில் ஊறிய ஊதாப்பூ.
டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும்
டம்ளரைக் கீழே இறக்கினார்கள்.
"இன்னா சார், எஞ்சினுக்கு சளி புட்ச்சிச்சா?
கைக்குட்ட குத்து வெச்சிகிறீங்க."

ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன்,
நைட்டியையும் சேர்த்து.
சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

ஆபரேஷன் தியேட்டரில் அவளுக்குப் பதினாறு வருஷம்.
"மூடறதுக்கு முன்ன எண்ணணும்.
பன்னெண்டு துணி உள்ள போச்சுன்னா
பன்னெண்டும் வெளிய வரணும்.
டாக்டர் ஊசிய வெச்சுக்கிட்டு நிப்பாரு. நிக்கட்டும்.
ஒரு தடவ
பதினொண்ணுதான் வந்துச்சு."

அதற்கு மேல் சொல்லவில்லை.
முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.
ஈர்க்கு மட்டும் மிஞ்சிய பிறகும்
விரல்கள் உருவிக்கொண்டிருந்தன.
கிடைத்ததா என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.

காலை ஐந்தே முக்கால். முதல் ஷிஃப்ட்.
ஒரே மிதியில் வண்டி கிளம்பிவிட்டது.
கலெக்டர் ஆபீஸ் தாண்டி, ஆற்காடு ரோட்டில்
என் தோளில் அவள் கை.

டிபன் மூடியைக் கழுவும்போதுதான் பார்த்தேன்,
அடியில் கிரீஸோடு ஒட்டியிருந்த
ஒரு சின்ன போல்ட்டை.
இம்தியாஸ் எல்லாம் போட்டிருப்பான்,
இது பழசாக இருக்கும்,
வேறு எதனுடையதாகவோ இருக்கும்
என்று குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டேன்,
சட்டை போடும்போதும் சொல்லிக்கொண்டேன்.

"என்னமோ சத்தம் வருது, பாருங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.
வண்டியை ஓரம் கட்டி
சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.